கைக்குழந்தைக்குக் கதவு திறப்பது யார்?
கொல்கத்தாவின் உழைக்கும் தாய்மார்கள் எழுப்பும் கேள்வி

புதுதில்லி:

பொழுது புலர்வதற்கு முன்பே கேனிங்கிலிருந்தும் லட்சுமிகாந்தபூரிலிருந்தும் சியால்தாவை நோக்கிப் புறப்படும் புறநகர் ரயில்கள் பெண்களால் நிரம்பி வழிகின்றன. தெற்கு 24 பர்கானாக்கள் மாவட்டத்தின் சிற்றூர்களிலிருந்து வரும் இப்பெண்கள் கரியா, ஜாதவ்பூர், தாக்கூரியா, பாலிகஞ்ச் நிலையங்களில் இறங்கி, தெற்குக் கொல்கத்தாவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளை நோக்கி விரைகின்றனர். பாத்திரம் துலக்குவது, துணி துவைப்பது, சமைப்பது ஆகியவற்றோடு பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் அவர்களது தொழில். அவர்கள் பெற்ற குழந்தைகளை அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

மாமியார், மூத்த பெண் பிள்ளை, அண்டை வீட்டுப் பெண் என்று ஆளுக்கொரு விடை இருக்கும். இவற்றோடு, நகரிலும் புறநகரிலும், ஒரு பெண் தன் வீட்டின் ஓர் அறையை ஒழித்து, அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பகல் முழுவதும் வைத்துக்கொள்ளும் வீட்டுக் காப்பகமும் ஒரு விடையாகும். மாதக் கட்டணம், அறிமுகம், நம்பிக்கை ஆகிய மூன்றின் மீது நடக்கும் ஏற்பாடு இது.

அப்படியொரு காப்பகம் தொடங்க நினைக்கும் பெண் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த வயதுக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வது என்பதைத்தான். பார்வைக்கு இது ஒரு குடும்பத்தின் சொந்த விவகாரம். ஆனால் இதே கேள்விக்கு அரசியல் சட்டம் ஒரு விடை தந்திருக்கிறது. தொழிலாளர் சட்டங்கள் ஒரு விடை தந்திருக்கின்றன. அங்கன்வாடித் திட்டமும் ஒரு விடை தந்திருக்கிறது. இவை அனைத்தையும் ஒப்பிட்டால், நடக்கத் தெரிந்த குழந்தைக்கு எங்காவது ஓரிடம் கிடைக்கிறது என்பதையும், மடியில் கிடக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் எங்கும் இடமில்லை என்பதையும் காணலாம்.

சோற்றுக்கும் சுண்ணக்கட்டிக்கும் இடையே

வங்காளிக் குடும்பங்களில் குழந்தைப் பருவத்தின் இரண்டு படிகளைக் குறிக்க இரண்டு சடங்குகள் உண்டு. பிறந்து ஆறு மாதம் ஆகும் தறுவாயில் வாயில் முதல் சோற்றை வைக்கும் அன்னப்பிராசனம். இதைப் பேச்சு வழக்கில் ‘முகே பாத்’ என்பார்கள். அடுத்தது, மூன்று, நான்கு வயது வாக்கில் சரஸ்வதி பூஜையன்று பலகையையும் சுண்ணக்கட்டியையும் கையில் கொடுத்து முதல் எழுத்தை எழுதவைக்கும் ‘ஹாதேகொடி’. நமது சோறூட்டும் ஏடு தொடங்குதலும் போன்றவையே இவை.

இந்திய அரசின் கொள்கையும் தற்செயலாக இதே இரண்டு படிகளில்தான் நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் திருத்தச் சட்டம், அமைப்புசார் துறையில் பணிபுரியும் பெண்ணுக்கு முதல் இரு குழந்தைகள் வரை 26 வார ஊதியத்துடன் கூடிய விடுப்பை உறுதி செய்தது. 26 வாரம் என்றால் ஆறு மாதம். அதாவது, சட்டம் தாய்க்குத் தந்த காலம் அன்னப்பிராசனத்தோடு முடிந்துவிடுகிறது. மறுபுறம், அங்கன்வாடியின் முன்பருவக் கல்வி மூன்று வயதில் தொடங்குகிறது. ஏறக்குறைய ஹாதேகொடியின் வயது அது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகள் குடும்பத்தின் பொறுப்பு என்று விடப்பட்டுள்ளன. குடும்பத்தின் பொறுப்பு என்பதன் நடைமுறைப் பொருள், பெண்ணின் பொறுப்பு என்பதே.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், பிறந்தது முதல் ஆறு வயது வரையிலான அனைத்துக் குழந்தைகளுக்கும் உரியது என்பது உண்மையே. ஆனால் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை அங்கன்வாடிக்கு வந்து தங்கும் குழந்தை அல்ல. அதன் பங்கு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுப் பொட்டலமும், எடை பார்ப்பதும், தடுப்பூசியுமே ஆகும். மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தை மட்டுமே மையத்தில் அமர்ந்து உண்கிறது, பாடுகிறது, விளையாடுகிறது. அதுவும் முற்பகலில் சில மணி நேரம்தான். மேற்குவங்கத்தில் ஏறத்தாழ 1 லட்சத்து 19 ஆயிரம் அங்கன்வாடி மையங்கள் உள்ளன. எனினும் கேனிங் ரயிலில் விடியலுக்கு முன் ஏறி, பிற்பகலில் திரும்பும் தாய்க்கு அந்த மையம் திறக்கும் நேரமும் ஒத்துவருவதில்லை, மூடும் நேரமும் ஒத்துவருவதில்லை.

அரசியல் சட்டத்திலேயே இந்தப் படிநிலை இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம், ஆறு வயதுக்கு உட்பட்டோரை நெறிமுறைக் கோட்பாடுகளில் உள்ள 45ஆவது பிரிவுக்கு அனுப்பிவைத்தது. அவர்களுக்குப் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயல வேண்டும் என்கிறது அப்பிரிவு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலானவர்களுக்கு முன்பருவக் கல்வி ஏற்பாடுகளை அரசு செய்யலாம் என்று 11ஆவது பிரிவில் கூறியது. ஆறு வயதுக்கு மேல் உரிமை. மூன்றுக்கு மேல் ‘செய்யலாம்’. அதற்கும் கீழே ‘முயல வேண்டும்’ என்ற நெறிமுறை மட்டுமே. வயது குறையக் குறைய அரசின் கடமையும் குறைந்துகொண்டே போகிறது.

ஒரு வீடு, நான்கு வயதுகள்

இனி அந்த வீட்டுக் காப்பகத்துக்குத் திரும்புவோம். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, ஒரு பெண். அவர் முன் நான்கு வகைக் குழந்தைகள் நிற்கிறார்கள்.

முதல் வகை, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையிலான கைக்குழந்தை. தாய்ப்பாலுடன் இணையுணவு தொடங்கும் காலம் இது. 6 முதல் 8 மாதம் வரை நாளொன்றுக்கு இரண்டு, மூன்று வேளையும், அதற்குப் பிறகு மூன்று, நான்கு வேளையும் குழைத்த உணவு ஊட்ட வேண்டும். ஊட்டுவதற்கு ஒரு குழந்தைக்கு ஒரு கை முழுதாக வேண்டும். ஒவ்வொரு குழந்தையும் வேறு வேறு நேரத்தில் தூங்கும், வேறு வேறு நேரத்தில் அழும். ஈரத்துணி மாற்றுவது, கொதிக்கவைத்த நீர், தூங்கும்போது மல்லாந்து கிடக்கிறதா என்று பார்ப்பது என வேலைக்கு இடைவெளியே கிடையாது.

இரண்டாவது வகை, ஒன்று முதல் மூன்று வயது வரை. நடக்கத் தெரியும், ஆபத்து தெரியாது. வடித்த கஞ்சி, நீர் நிறைந்த வாளி, திறந்த வாசற்படி, வாயில் போட்டுக்கொள்ளும் பொத்தான் என்று வீட்டின் ஒவ்வொரு பொருளும் கண்காணிப்பைக் கோரும். பேச்சு முளைப்பதும் இந்த வயதில்தான். எனவே காவல் மட்டும் போதாது, பேச்சுக் கொடுக்கும் ஆளும் வேண்டும்.

மூன்றாவது வகை, மூன்று முதல் ஆறு வயது வரை. தானே உண்ணும், கழிப்பறைக்குச் செல்லக் கேட்கும், கதைக்குக் கட்டுப்படும். பலகையும் பாட்டும் இருந்தால் ஒருவரே பலரைச் சமாளிக்கலாம். நான்காவது வகை, பள்ளி விட்டு வந்து பெற்றோர் திரும்பும் வரை தங்கும் ஆறு வயதுக்கு மேற்பட்டோர். இவர்களுக்குத் தேவைப்படுவது சில மணி நேரமும் ஒரு கண்ணும் மட்டுமே.

காப்பகங்களுக்கான தேசியக் குறைந்தபட்ச வழிகாட்டு நெறிகளை மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018ஆம் ஆண்டு வெளியிட்டது. மூன்று வயதுக்கு உட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், மூன்று வயதுக்கு மேற்பட்ட 20 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், உடன் உதவியாளர் என்பது அதன் விகிதம். இந்த எண்ணிக்கையே கணக்கைச் சொல்லிவிடுகிறது. ஒரே பெண், ஒரே அறை, ஒரே உழைப்பு நேரம். கைக்குழந்தைகளை ஏற்றால் 10 கட்டணம், பெரிய குழந்தைகளை ஏற்றால் 20 கட்டணம். இரண்டிலும் ஒரே வருமானம் கிடைக்க வேண்டுமென்றால் கைக்குழந்தையின் தாயிடம் இரண்டு மடங்கு கேட்க வேண்டும். ஆனால் மகப்பேறு முடிந்து இப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருக்கும் பெண், விட்டுப்போன வீடுகளைத் திரும்பப் பிடிக்க அலைந்துகொண்டிருப்பவர். கட்டணம் செலுத்தும் சக்தி மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில்தான் அவருக்குக் காப்பகம் மிக அதிகமாகத் தேவைப்படுகிறது.

எனவே, பிழைப்புக்காகக் காப்பகம் நடத்தும் பெண் கைக்குழந்தையைத் தவிர்த்தால் அது கல்மனம் ஆகாது. அது கணக்கு. சந்தையிடம் விட்டால் சந்தை இந்த விடையைத்தான் தரும். கைக்குழந்தைகளை ஏற்றே தீர வேண்டிய நெருக்கடி வந்தால், விகிதம் காற்றில் பறக்கும். ஓர் அறையில் 15 கைக்குழந்தைகளும் ஒரே ஆளும் என்ற நிலை பராமரிப்பு ஆகாது.

வீட்டுக் காப்பகத்தை ஒரு பொதுச்சேவையாக ஏற்ற நாடுகள் இந்தக் கணக்கில் தலையிட்டுள்ளன. இங்கிலாந்தில் பதிவு பெற்ற வீட்டுப் பராமரிப்பாளர் ஒருவர், பொது விதியாக, எட்டு வயதுக்கு உட்பட்ட ஆறு குழந்தைகளை ஏற்கலாம். அவர்களில் பள்ளிப் பருவத்துக்கு முந்தைய சிறார் மூவருக்கு மேல் கூடாது. ஓராண்டு நிரம்பாத குழந்தை ஒன்றே ஒன்று. பிரான்சில் ஒருவரிடம் நான்கு குழந்தைகள் வரை. ஜப்பான் 2015ஆம் ஆண்டு நடைமுறைப்படுத்திய திட்டத்தில், வீட்டுமுறைக் காப்பகம் என்பதே மூன்று வயதுக்கு உட்பட்டோருக்காக ஒதுக்கப்பட்டது. ஒருவருக்கு மூன்று குழந்தைகள், உதவியாளர் இருந்தால் ஐந்து. இந்த விகிதத்தில் எந்தக் குடும்பமும் முழுச் செலவையும் தானே சுமக்க முடியாது. எனவே இந்நாடுகளில் அரசு நிதியும் உடன் வருகிறது.

கொலம்பியாவின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1980களின் பிற்பகுதியில் அங்கே ஏழைக் குடியிருப்புகளில், ‘சமூகத் தாய்மார்கள்’ என்ற பெயரில், பெண்கள் தம் வீடுகளிலேயே அரசு உதவியுடன் காப்பகம் நடத்தத் தொடங்கினர். நீண்ட காலம் அவர்கள் தொண்டர்களாகவே கருதப்பட்டனர். பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2014ஆம் ஆண்டில்தான் குறைந்தபட்ச ஊதியத்துடன் கூடிய பணி ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. நம் நாட்டு அங்கன்வாடி ஊழியர்களின் கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ‘மதிப்பூதியம்’ பெறும் இந்த ஊழியர்கள் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததும் 2022 ஏப்ரலில்தான்.

ஆலை வாசலிலிருந்து ஐ.டி. வளாகம் வரை

கைக்குழந்தையும் தாயின் வேலையும் மோதிக்கொள்வது கொல்கத்தாவுக்குப் புதியதன்று. ஹூக்ளி நதியின் இரு கரைகளிலும் சணல் ஆலைகள் ஓங்கி நின்ற காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆலைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் பெண்கள். கைக்குழந்தைகளை ஆலைக்குள்ளேயே கொண்டுவந்து, இயந்திரங்களுக்கு அருகே கிடத்திவிட்டு அவர்கள் வேலை செய்தனர். 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை ஒதுக்கக் கோரும் விதிகளை உருவாக்க மாகாண அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 50 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் கட்டாயம் என்றது.

நல்ல நோக்கம் கொண்ட இந்த விதியில் ஒரு ஓட்டை இருந்தது. கணக்கெடுக்கப்பட்டது பெண்களின் எண்ணிக்கை. பெண்களைக் குறைத்துக்கொண்டால் கடமையிலிருந்து தப்பிக்கலாம். சணல் ஆலைகளில் பெண்களின் பங்கு சரிந்ததற்குக் காரணங்கள் பல உண்டு. இரவுப் பணித் தடை, இயந்திரமயம், ஆட்குறைப்பு ஆகியவை அவற்றில் சில. எனினும் பெண் தொழிலாளர் என்றால் கூடுதல் செலவு என்ற முதலாளிகளின் கணக்குக்கு, பேறுகாலப் பயனும் காப்பகமும் காரணம் காட்டப்பட்டன. 1970களில் ஆலைகளில் பெண்களின் பங்கு சில விழுக்காடாகச் சுருங்கிவிட்டது.

2017ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ஓட்டையை அடைக்க முயன்றது. ஆண், பெண் பாகுபாடின்றி 50 பேர் பணிபுரியும் எந்த நிறுவனமும் காப்பக வசதி செய்ய வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைச் சென்று பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றது அது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் 50 பேர் என்ற வரம்பு தொடர்கிறது.

இதன் விளைவைக் கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பிலுள்ள சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில் காணலாம். அங்குள்ள பெரிய மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் தாய்க்குச் சட்டப்படி 26 வார விடுப்பும் காப்பக வசதியும் உண்டு. அவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் தாய்க்கு இரண்டும் இல்லை. ஏனெனில் வீடு ஒரு ‘நிறுவனம்’ அல்ல. அங்கே 50 பேர் பணிபுரிவதில்லை. முதல் தாய் அலுவலகத்துக்குச் செல்ல முடிவது, இரண்டாவது தாய் தன் குழந்தையை விட்டுவிட்டு வருவதால்தான்.

வீட்டு வேலைத் தொழிலாளர்கள் இதை உணராதவர்கள் அல்லர். 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் மேற்குவங்கத்தில் ‘பஸ்சிம் பங்க கிருஹ பரிச்சாரிகா சமிதி’ என்ற அவர்களது அமைப்பு தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றது. மாநிலத்தில் வீட்டு வேலைத் தொழிலாளர் அமைப்பு ஒன்று அந்தத் தகுதியைப் பெற்றது அதுவே முதல் முறை. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றமும், வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான சட்டப் பாதுகாப்பை ஆராய அமைச்சகங்களுக்கு இடையிலான குழு ஒன்றை அமைக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. அந்தப் பாதுகாப்பில் ஊதியமும் வார விடுமுறையும் மட்டுமின்றிக் குழந்தைப் பராமரிப்பும் இடம்பெற வேண்டும் என்பதே நியாயம்.

முந்தானை என்னும் காப்பகம்

கொல்கத்தாவின் வீட்டு வேலைக்கு ஆட்களை அனுப்பும் தெற்கு 24 பர்கானாக்கள் மாவட்டத்தின் தென்பகுதியே சுந்தரவனம். ஆறுகளும் உப்பங்கழிகளும் குளங்களும் பின்னிக்கிடக்கும் அந்த மண்ணில், குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்பதன் பொருள் வேறு. அங்கே கொல்கத்தாவைச் சேர்ந்த ‘சினி’ அமைப்பும் ஜார்ஜ் உலக நல நிறுவனமும் இணைந்து 19 வட்டாரங்களில் ஓர் ஆய்வு நடத்தின. 1974ஆம் ஆண்டு மருத்துவர் சமீர் சௌதுரி தொடங்கிய சினி, தாய்சேய் நலத்தில் நீண்ட அனுபவம் உள்ள அமைப்பாகும்.

ஆய்வின் முடிவு அதிர்ச்சி தருவது. ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளில் ஆண்டுதோறும் 1 லட்சத்துக்கு ஏறத்தாழ 244 பேர் நீரில் மூழ்கி இறந்துள்ளனர். ஐந்து முதல் ஒன்பது வயது வரையிலானவர்களில் இந்த எண்ணிக்கை 39. அதாவது, பள்ளிக்குச் செல்லும் வயது வந்ததும் ஆபத்து ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இறப்புகள் பெரும்பாலும் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள குளங்களில், பெரியவர்கள் சமையலிலும் வயலிலும் பிற வேலைகளிலும் மூழ்கியிருக்கும் முற்பகல், நண்பகல் வேளைகளில் நிகழ்ந்துள்ளன. எந்த வயதுக்குக் காப்பகம் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இருக்க முடியாது. அரசின் திட்டங்களில் விடுபட்டுப்போன வயதும், குளம் பறித்துக்கொண்டுபோகும் வயதும் பெருமளவு ஒன்றாகவே இருக்கின்றன.

எல்லைக்கு அப்பால், இதே வங்க மொழி பேசும் வங்கதேசத்தில், இதற்கொரு வழி கண்டறியப்பட்டது. அதன் பெயர் ‘ஆஞ்சல்’. வங்க மொழியில் ஆஞ்சல் என்றால் சேலையின் முந்தானை. ஊரிலுள்ள ஒரு பெண் தன் வீட்டு அறையிலேயே, ஓர் உதவியாளருடன், வாரம் ஆறு நாட்களும் காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை 20 முதல் 25 சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். குழந்தைகள் அவரை ‘ஆஞ்சல் மா’ என்று அழைக்கின்றனர். எந்த வயது, எந்த நேரம் என்ற இரண்டையும் அவர்கள் இறப்புப் பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்தனர். குழந்தைகள் எப்போது மூழ்குகிறார்களோ அப்போது காப்பகம் திறந்திருக்க வேண்டும் என்ற எளிய நியாயம் அது. இத்தகைய காப்பகத்தில் சேர்ந்த குழந்தைகளிடையே மூழ்கி இறக்கும் ஆபத்து 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது என்பதை அங்கு நடந்த ஆய்வுகள் காட்டின.

2021ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் முன்பருவக் குழந்தைகளுக்கான பகல்நேரக் காப்பகங்களை மூழ்கி இறப்பதைத் தடுக்கும் வழியாக வலியுறுத்திப் பரிந்துரைத்தது. 2022 பிப்ரவரியில் வங்கதேச அரசு 16 மாவட்டங்களில் 8,000 காப்பகங்கள் அமைத்து, ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான 2 லட்சம் குழந்தைகளைச் சேர்க்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நம் பக்கத்துச் சுந்தரவனத்திலும் ‘கவச்’ என்ற பெயரில் இதே முறையிலான காப்பகங்கள் தொண்டு அமைப்புகளால் நடத்தப்படுகின்றன. அவற்றை அரசின் பொறுப்பாக விரிவாக்குவதுதான் அடுத்த படி.

தமிழகம் தந்த பாடம்

கைக்குழந்தையைத் தேடிச் செல்வது இந்திய அரசுகளுக்கு இயலாத காரியம் அல்ல என்பதற்குத் தமிழகமே சான்று. 1980ஆம் ஆண்டு அன்றைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் சோதனை முறையில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளையே தன் முதன்மை இலக்காகக் கொண்டது. மாதந்தோறும் எடை பார்ப்பது, எடை ஏறாத குழந்தைக்கு 90 நாட்கள் கூடுதல் ஊட்டம் தருவது, தாய்க்கு விளக்கிச் சொல்வது என்பது அதன் முறை. 1982 ஜூலை மாதம் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பால்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் அழைத்தது. ஒரே மையம் எல்லா வயதையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருந்துவிடாமல், மிகச் சிறியவர்களுக்குத் தனிக் கவனம் செலுத்தப்பட்டது. ஆயினும் அதுவும் ஊட்டச்சத்துத் திட்டமே. தாய் வேலைக்குச் செல்லும் நேரம் முழுவதும் குழந்தையை வைத்துக்கொள்ளும் காப்பகம் அன்று.

அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகள் பிற இடங்களில் நடந்துள்ளன. சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் கனியாரியைத் தலைமையிடமாகக் கொண்ட ஜன ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவர் குழு, பழங்குடிக் கிராமங்களில் ‘புல்வாரி’ என்ற காப்பகங்களை 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளுக்கென்றே அமைத்தது. 10 குழந்தைகளுக்கு ஊர்ப் பெண் ஒருவர் என்ற விகிதம் அங்கே காக்கப்படுகிறது. கர்நாடக அரசு 2023ஆம் ஆண்டு ‘கூசின மனே’ என்ற பெயரில், மூன்று வயதுக்கு உட்பட்டோருக்காக 4,000 ஊராட்சிகளில் காப்பகங்கள் அமைக்கும் திட்டத்தை அறிவித்தது.

மத்திய அரசின் தேசியக் காப்பகத் திட்டமோ வேறு திசையில் சென்றது. 2006ஆம் ஆண்டு ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கிய இத்திட்டத்தில், 2010களின் முற்பகுதியில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்பகங்கள் இயங்கின. 2017ஆம் ஆண்டு அது மாநிலங்கள் வழியே நடத்தப்படும் திட்டமாக மாற்றப்பட்டு, மத்திய அரசின் பங்கு 90 விழுக்காட்டிலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. 25 குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500 ரூபாய் என்பது அப்போதைய மதிப்பூதியம். 2020ஆம் ஆண்டில் எஞ்சியிருந்தவை ஏறத்தாழ ஆறரை ஆயிரம் காப்பகங்களே. 2022ஆம் ஆண்டு இத்திட்டம் ‘பால்னா’ எனப் பெயர் மாறியது. 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகத்துடன் இணைந்த மையங்களாக மாற்றுவது அதன் இலக்கு. நாட்டிலுள்ள அங்கன்வாடிகள் ஏறக்குறைய 14 லட்சம். இலக்கு முழுவதும் நிறைவேறினாலும் நூற்றில் ஒரு மையத்துக்குச் சற்றே கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

கட்டணமா, கடமையா?

2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடுவோர் நாளொன்றுக்கு 305 நிமிடங்களை அதற்குச் செலவிடுகின்றனர். இதற்கு மேல், குடும்பத்தினரைப் பராமரிப்பதில் ஈடுபடும் பெண்கள் 140 நிமிடங்களும் ஆண்கள் 74 நிமிடங்களும் செலவிடுகின்றனர். பெண்கள் ஏன் வேலைக்கு வருவதில்லை என்று ஆண்டுதோறும் ஆய்வறிக்கைகளில் கவலைப்படும் ஆட்சியாளர்கள், இந்த நிமிடங்களின் கணக்கைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

வீட்டுக் காப்பகங்களை மூடச் சொல்வதோ, விதிகளைக் காட்டி அச்சுறுத்துவதோ தீர்வாகாது. இன்றைய நிலையில் பல்லாயிரம் தாய்மார்களுக்கு இருக்கும் ஒரே கதவு அது. செய்ய வேண்டியது வேறு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை ஏற்கும் வீட்டுக் காப்பகங்களை உள்ளாட்சி அமைப்புகள் பதிவு செய்ய வேண்டும். பெரிய குழந்தைக்கும் சிறிய குழந்தைக்கும் இடையிலான கட்டண வேறுபாட்டை அரசு ஏற்க வேண்டும். காப்பகம் நடத்தும் பெண்ணுக்குப் பயிற்சியும் குறைந்தபட்ச ஊதியமும் வேண்டும். 10 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விகிதம் தாளில் மட்டும் இருந்தால் போதாது. அங்கன்வாடியின் சத்துணவும் எடைபார்ப்பும் அந்த வீட்டு வாசலுக்கு வர வேண்டும். நேரம், அலுவலக நேரத்தின்படி அல்லாமல், ரயிலின் நேரத்தின்படி அமைய வேண்டும்.

எந்த வயதுக் குழந்தையைச் சேர்ப்பது என்ற முடிவை இப்போது தனியொரு பெண் தன் அறையின் அளவையும் அடுப்பின் செலவையும் பார்த்து எடுக்கிறார். அவர் ‘இரண்டு வயது ஆகட்டும், பிறகு கொண்டுவாருங்கள்’ என்று சொல்லும்போது, இன்னொரு பெண் இரண்டு ஆண்டு ஊதியத்தை இழக்கிறார். அல்லது, பள்ளியில் இருக்க வேண்டிய பத்து வயது மூத்த மகள், கல்வி உரிமைச் சட்டம் தனக்குத் தந்த உரிமையை இழந்து, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு குளக்கரையில் நிற்கிறாள். ஆறு வயதுக்கு மேல் உரிமை என்று அரசு வகுத்த கோடு, ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் தீங்கு செய்யவில்லை என்பதை அவளே நமக்குக் காட்டுகிறாள்.